மொய் செட்

உடம்பு தேற எத்தனை செட் போட வேண்டும் என்று உத்திரமேரூரில் யாரைக் கேட்டாலும் ஏகாம்பரம் மாஸ்டரிடம் அனுப்புவார்கள். அவர் பத்து என்று சொல்வார். நம்பிப் போனால் பன்னிரண்டு போட வைப்பார்.

அந்தக் கணக்கை நான் விளக்கியே ஆக வேண்டும். ஒரு கனத்தை இடைவிடாமல் பத்துப் பன்னிரண்டு தடவை தூக்கி இறக்கிவிட்டு உட்கார்ந்தால் அது ஒரு செட். மாஸ்டர் ஜிம் வைப்பதற்கு முன்னால் வாலாஜாபாத் ரைஸ் மில் ஒன்றில் மூட்டை எடை போட்டவர். களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அடுத்தது ரெண்டு. அந்த வழக்கத்தை இவர் ஜிம்முக்குக் கொண்டுவந்தார், வரும் வழியில் பாதியைக் கோட்டை விட்டார். முதல் செட்டுக்கு லாபம் என்பார், அடுத்ததற்கு ஒன்று என்பார். ஆகப் பத்து என்று அவர் சொல்லும்போது உண்மையில் பதினொன்று முடிந்திருக்கும். பத்து பூஜ்யத்தில் முடிகிற எண்ணாயிற்றே, அதோடு நிறுத்தினால் விளங்குமா? கல்யாணத்துக்கு நூற்றியொன்று வைப்பது போல மேலே ஒன்று வைப்பார். மார்புக்குப் பன்னிரண்டு, தோளுக்குப் பன்னிரண்டு, முதுகுக்குப் பன்னிரண்டு, கைக்குப் பன்னிரண்டு. எல்லாம் ஒரே நாளில். மறுநாள் மறுபடியும் மார்பிலிருந்து ஆரம்பம்.

நெல்லுக்கு வலிக்காது, அளந்துகொண்டே போகலாம். மனுஷன் தோள் அப்படி இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

என் பெயர் ஜெயப்பிரியா. வாலாஜாபாத்தில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது மாஸ்டரின் ஜிம்மிலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வந்ததும் முதல் வார்த்தை, "மாஸ்டராண்ட சொல்லிடாதீங்கக்கா." பனியனைக் கிழித்துக்கொண்டு வருகிற மாதிரி மார்பு இருக்கும். சட்டைப் பொத்தானைக் கழற்றக் கை மேலே வராது. நான்தான் கழற்றிவிட வேண்டும். இந்த லட்சணத்தில் வாசலில் நிற்கிற புல்லட்டில் 'சிங்கம்' என்று எழுதியிருக்கும்.

என் தம்பி கார்த்திக்கும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

ஆனால் அவனை மற்றவர்களோடு சேர்த்து முழுதாகத் திட்ட எனக்கு மனசு வராது. போலீஸ் கான்ஸ்டபிள் வேலைக்கு மூன்று தடவை எழுதினான். விடிகாலையில் நைனாவோடு வயலுக்குப் போய்விட்டு, பகலெல்லாம் பார்சல் டெலிவரி செய்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வண்டி மேலேயே உட்கார்ந்து பொது அறிவுப் புத்தகத்தை உருப்போட்டான். மூன்றாவது தடவை எழுத்துத் தேர்வில் தேறினான். இந்த வருஷத்தோடு அவனுக்கு வயது வரம்பு முடிகிறது, இதை விட்டால் அடுத்தது கிடையாது. ஓட்டம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. மிச்சம் இருந்தது கயிறு. காஞ்சிபுரத்தில் கிரவுண்டில் தொங்கும் வடக்கயிற்றைப் பிடித்துக் கையால் இழுத்து ஏறி, ஐந்து மீட்டரில் கட்டியிருக்கிற ரிப்பனைத் தொட வேண்டும். தொட்டால் போலீஸ். தொடாவிட்டால் பார்சல்.

ஆறு வாரம் இருந்தது. நான் ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். முதுகுக்கும் கைக்கும் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு செட், அதையும் மூன்று நாளாகப் பிரித்து. நடு நாட்களில் ஓய்வு. தேர்வுக்கு முந்தைய மூன்று நாள் கயிற்றைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. தூக்கும்போது சதை வளர்வதில்லை, அடிதான் படுகிறது. அந்த அடி ஆறுகிறபோதுதான் வளர்கிறது. ஆற விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் இருக்கிற பலமும் போகும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம், புண்ணைச் சொறியாதே என்று சின்ன வயதிலேயே எல்லா அம்மாவும் சொல்லியிருப்பாள்.

தாளைப் பார்த்துவிட்டு கார்த்திக் தலையைச் சொறிந்தான். "இன்னாக்கா இது? வாரத்துக்குப் பன்னெண்டா? மாஸ்டரு ஒரு வேளைக்கே பன்னெண்டு போட வெப்பாரு. இத்தப் பாத்தா பசங்க சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். அவனுங்களுக்கு வேற வேல இன்னா கீது?"

முணுமுணுத்துக்கொண்டே செய்தான். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரக் கிளையில் கயிற்றைக் கட்டி, ஐந்து மீட்டர் அளந்து சிவப்புத் துணி ஒன்றை முடிந்து வைத்தோம். எங்கள் அம்மா ராணியம்மாள் தினமும் கீழே வந்து நின்று, விழுகிறவனைப் பிடித்துவிடப் போகிறவள் போல இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, "பாத்துடா, பாத்துடா" என்று அலறுவாள். நாலாவது வாரம் அவன் துணியைத் தொட்டான். ஐந்தாவது வாரம் தொட்டுவிட்டு இறங்கி, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, மறுபடி ஏறித் தொட்டான். கீழே இறங்கி என் முகத்தைப் பார்த்தான்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆனால் அதை அப்படியே வாயால் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. "போன வாரமே தொட்டிருக்கணும்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனான்.

விஷயம் மாஸ்டர் காதுக்குப் போனது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நாஷ்டா வாங்க நின்றபோது என்னைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயது, கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது.

"இன்னாம்மா, நம்ம புள்ளைக்குப் பத்தியம் வெக்கிறியாமே? வாரத்துக்குப் பன்னெண்டு செட்டாம். புள்ள பெத்தவளுக்கா குடுக்கிற?"

"உங்ககிட்ட வந்தவன்லாம் அப்பால எங்கிட்டதான் மாஸ்டர் வர்றான். கமிஷன் வோணும்னா கேளுங்க, குடுத்துடுறேன்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அந்த வாயால் நான் ஒரு எதிரியைச் சம்பாதித்தேன், எனக்கு அது புதிதில்லை.

ஜிம்மில் எனக்கு ஒரே ஒரு ஆதரவாளன் இருந்தான். அபிராம். கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பையன், ஏனாத்தூர் பக்கம் ஏதோ ஆபீசில் வேலை. அவன் போனில் நாலு ஆராய்ச்சிக் கட்டுரையைத் தேடி எடுத்து மாஸ்டரிடம் வாசித்துக் காட்டினானாம். "அக்கா சொல்றது சரிதான் மாஸ்டர், வாரத்துக்குப் பத்துப் பன்னண்டே போறும்னு போட்டிருக்கா. கூடக் கூடப் பலன் கொறச்சலாத்தான் கெடைக்குமாம்." மாஸ்டர் கேட்டுவிட்டு, "அது ரொட்டி துன்றவன் ஒடம்புக்குடா. நாம சோறு துன்றவங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அபிராம் விடவில்லை. சரி, ஓட்டு எடுக்கலாம் என்று முடிவாயிற்று.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடத்தில் ஓலை போட்டு ஆளெடுத்த ஊர் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு தலைக்கனம் உண்டு. அந்தப் பரம்பரை வாட்ஸ்அப் குரூப்பில் கூடி, மனிதச் சதை எப்படி வளர வேண்டும் என்று ஓட்டுப் போட்டது. வாரத்துக்குப் பன்னிரண்டு, நாளைக்குப் பன்னிரண்டு, மாஸ்டர் சொல்வது எதுவோ அது என்று மூன்று சின்னம். மூன்றாவது ஜெயித்தது. சாயங்காலத்துக்குள் அபிராமும் தன் ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டான். பயந்தாங்கொள்ளி.

இனி மொய்க்கு வருகிறேன்.

அந்த ஜிம்மில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கேயும் இருக்காது, இருக்கவும் கூடாது. யாருக்காவது நல்ல காரியம் என்றால் முதல் நாள் சாயங்காலம் அவனை நிற்க வைத்து, ஒவ்வொருவனும் அவன் பேருக்கு ஒரு செட் மொய் வைப்பான். வைக்கிறவன் தூக்க மாட்டான். பக்கத்தில் நின்று எண்ணுவான். தூக்குகிறவன் நல்ல காரியக்காரன். மாஸ்டர் மைக் பிடித்து, கல்யாண மண்டபத்தில் மொய் வாசிக்கிற அதே ராகத்தில், இன்னார் ஒரு செட் என்று அறிவிப்பார். மறுக்க முடியாது. மொய்யை மறுத்தால் வைத்தவன் முகத்தில் அடித்த மாதிரி.

போன வருஷம் அந்த ஜிம் பையன் ஜானுக்குக் கல்யாணம். முதல் நாள் கைக்கு இருபது செட் மொய் விழுந்தது. மறுநாள் சர்ச்சில் மோதிரம் போடும்போது அவன் கை கிடுகிடுவென்று ஆடியது. மோதிரம் விரலைத் தேடிக்கொண்டே இருந்தது. கடைசியில் பாக்கியமேரி, கல்யாணப் பெண், அவன் கையைத் தானே பிடித்துத் தன் விரலில் மாட்டிக்கொண்டாள். பாதிரியாரே வாயைப் பொத்திக்கொண்டார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். மாப்பிள்ளை கை ஆடினாலும் கல்யாணம் நடந்துவிடும், அதனால் சிரிக்க முடிந்தது.

வியாழக்கிழமை காலை கார்த்திக்குக்குக் கயிறு. புதன்கிழமை சாயங்காலம் நான் கிளினிக்கில் இருந்து பஸ் ஏறியபோது அம்மாவிடமிருந்து போன். "ஜெயா, உன் தம்பிய அந்த எடுபட்டவனுங்க வந்து வண்டில இட்டுக்கினு போயிட்டானுங்கடி. எதோ மொய்யாம். பேஜாரா கீதுடி. நீ அப்டியே போயி கூட்டிக்கினு வந்துடு."

உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். ஜிம் பழைய குடோன் ஒன்றில் இருக்கிறது. தெருமுனையிலேயே மைக் சத்தம் கேட்டது. "தம்பி அபிராம், ஒரு செட்!" ஆராய்ச்சிக் கட்டுரை படித்தவன்! உள்ளே போனால் தலைக்கு மேலே இரும்புக் கம்பி, அதில் கார்த்திக் தொங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கயிறு என்பதால், பொருத்தமாக இருக்கட்டும் என்று, கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கிற பயிற்சியையே மொய்யாக வைத்திருக்கிறார்கள். யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. மறுநாள் எந்தச் சதை வேண்டுமோ அதைத் தேடிப் பிடித்து அடித்திருக்கிறார்கள்.

முதல் செட்டில் பன்னிரண்டு இழுத்தானாம். அபிராம் செட்டில் மூன்றுதான் வந்தது. மூன்றாவதற்கு முகம் கோணிப்போயிற்று.

"மாஸ்டர், நாளைக்குக் காலைல அவனுக்குக் கயிறு. தெரியும்தானே?"

"அதுக்குத்தாம்மா வெக்கிறோம். புள்ள தெம்பாப் போவணும்."

"இது தெம்பா? கை நடுங்குது பாருங்க."

"மொய்ய பாதில நிறுத்தினா வெச்சவனுக்கு மரியாதயா?" என்றவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "அக்கா வந்துட்டாங்கோ. தம்பிய இட்டுக்கினு போயி பால் சோறு ஊட்டப் போறாங்கோ!"

குடோன் முழுக்கச் சிரிப்பு. இருபது பேர். இருபது பேருக்கும் சேர்த்து ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு மூளை இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அவர்கள் சிரித்தது எனக்கு உறைக்கவில்லை. கார்த்திக்கும் அவர்களோடு சேர்ந்து லேசாகச் சிரித்தான், அது உறைத்தது. ஆறு வாரம் நான் பார்த்துப் பார்த்து வைத்த கையைக் கொண்டுபோய் இவர்களிடம் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறானே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு பேர் மொய் வைத்தார்கள். அவன் மூன்று மூன்றாக இழுத்தான். பிறகு கம்பியை விட்டு இறங்கினான். இரண்டு கையும் முட்டியில் மடங்கினபடி நின்றது, நீட்ட முடியவில்லை.

"இருவது முடிஞ்சுது" என்றார் மாஸ்டர். "பூஜ்யத்துல நிறுத்தக் கூடாது. மேல ஒண்ணு யாரு வெக்கிறது?"

கார்த்திக் என்னைப் பார்த்தான். வேர்வை கண்ணில் இறங்க, துடைக்கக் கை வராமல் இமையை இறுக்கி மூடித் திறந்து, என்னையே பார்த்தான்.

போதும் வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்தேன். ஆனால் என் வாய் என்றைக்கு நேராகப் பேசியது?

"இன்னாடா என் மூஞ்சியப் பாக்கிற? எவனெவன் பேர்லயோ போட்டியே, கூடப் பொறந்தவ பேர்லயும் ஒண்ணு போடு! நாளைக்கு இந்த இருவது பேரும் உனக்குப் பதிலா வந்து ஏறுவானுங்க!"

மாஸ்டருக்கு அதில் வேண்டியது நடுவில் இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டார். "அக்கா ஜெயப்பிரியா, ஒரு செட்!" மைக் அலறியது. இருபது பேரும் கை தட்டினார்கள், ஜான் விசிலடித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் கார்த்திக் எம்பிக் கம்பியைப் பிடித்துவிட்டான். மற்றவர்களுக்கு மூன்று இழுத்தவன் எனக்கு நாலு இழுத்தான்.

வியாழக்கிழமை காலை அவனால் பல் துலக்க முடியவில்லை. அம்மா இட்லியைப் பிட்டு ஊட்டினாள். மாஸ்டர் மைக்கில் சொன்னது ஒரு வழியாகப் பலித்தது. நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், மெதுவாக நீவிவிட்டேன். பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தே செய்தேன். காஞ்சிபுரம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மேலே இருக்கிற கம்பியைப் பிடிக்க அவனுக்குக் கை எட்டவில்லை, என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தான்.

கிரவுண்டு வேலிக்கு வெளியே வெயிலில் எங்களை மாதிரி நிறையக் குடும்பங்கள் நின்றன. ஓட்டத்தில் அவன் இரண்டாவதாக வந்தான். அம்மா என் கையைக் கிள்ளினாள். பிறகு கயிறு. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. முதல் தடவை நாலு பிடி ஏறினான். ஐந்தாவது பிடி. ஆறாவதற்குக் கையை மேலே கொண்டுபோனபோது தலைக்கு மேலே ஒரு முழத்தில் ரிப்பன் இருந்தது. அங்கேயே தொங்கினான். அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றாள். அவன் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிவது எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. கயிற்றில் தேய்ந்துகொண்டே கீழே வந்தான். இரண்டாவது தடவை பாதிகூட ஏறவில்லை.

எங்கள் வேப்பமரத்தில் அடுத்தடுத்து இரண்டு தடவை தொட்ட உயரம் அது.

மாஸ்டர் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். ஜிம்மில் சொன்னாராம், ஜான் வந்து சொன்னான். "லாபத்த சேத்தா இருவத்திரெண்டு ஆயிப்போச்சுடா. ரெட்டப்படை. அதான் கவுத்துடுச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணு போட்டிருந்தான்னா ஏறியிருப்பான்." இருபது பேரும் ஆமாம் என்று தலையாட்டியிருப்பார்கள். ஜானை வாசலிலேயே நிற்க வைத்து, அவனையும் அவன் மாஸ்டரையும் அந்தக் குடோனையும் அதற்கு இடம் வாடகைக்கு விட்டவரையும் சேர்த்துத் திட்டி அனுப்பினேன். ஜான் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து போனான்.

அன்றைக்குச் சாயங்காலம் கார்த்திக் உள்ளங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். தோல் உரிந்து சிவந்திருந்தது. என் வாய் நிற்கவில்லை. மாஸ்டரின் லாபத்தில் ஆரம்பித்து அபிராமின் கோழைத்தனம் வரை எல்லாவற்றையும் வரிசையாகப் பிடித்துத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னான்.

"அக்கா, இருவது முடிஞ்சப்போ நான் எதுக்கு உன்னப் பாத்தேன்னு தெரியுமா?"

"எதுக்கு?"

"எறங்கி வந்துட்டா மொய்ய மதிக்கலன்னு சொல்லுவானுங்க. அக்கா திட்டுச்சு, அதான் போறேன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான். மாஸ்டரே உன் வாய்க்குப் பயந்தவருதான். நீ வந்து நின்னவுடனே, அப்பாடா, இழுத்துக்கினு போயிடும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நான் பஞ்சை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரில் யாரைக் கேட்டாலும் ஜெயப்பிரியாவுக்கு வாய் ஜாஸ்தி என்பார்கள். அந்த ஒரு நேரத்தில், என் தம்பிக்கு என் திட்டு தேவைப்பட்ட ஒரே நேரத்தில், நான் அவனைத் திட்டவில்லை, குத்திக் காட்டினேன்.

மறுநாள் காலை அவன் பார்சல் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளக் கை வராமல் வாசலில் நின்றான். நான்தான் மாட்டிவிட்டேன்.